மழைக்கு முன்னால் கோழிகளை விற்றுவிடலாமா, டாக்டர்?

சென்னைப் புறநகரான முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்புறம் முருங்கை மரத்தடியில் தகர ஷீட் போட்ட கூண்டு. அதில் ஐந்து சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டைகள், ஒரு சேவல், மூன்று வாரம் ஆன ஒன்பது குஞ்சுகள். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“போன ஐப்பசியில் பதினோரு குஞ்சு பொரித்தது. மழை பிடித்த பத்து நாளில் எட்டு செத்துப்போச்சு, எல்லாம் ரத்தமாகப் பேண்டுதான். டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து கொடுத்தும் நிற்கவில்லை. மார்கழியில் முட்டையே இல்லை. பிப்ரவரி முகாமில் ஊசி போட்டோம், மறுநாளே ஒரு கோழி செத்தது. இனி இந்த வீட்டில் கோழிக்கு ஊசி கிடையாது என்று மாமியார் சொல்லிவிட்டார். சின்ன வெங்காயமும் மஞ்சளும்தான் கொடுக்கிறோம். மே மாதம் வெயில் தாங்காதே என்று கூண்டின் நாலு பக்கமும் ஈரக்கோணி கட்டினேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டை வாயைப் பிளந்தபடி செத்துக் கிடந்தது. எந்த மாதம் என்ன மருந்து என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறார் என் தம்பி. 2015-ல் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெரு எங்களுடையது. என்ன செய்யட்டும்?”

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட மருந்துப் பட்டியலை நான் தரப்போவதில்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் செத்த கோழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மருந்து கொடுக்காததால் செத்தது என்று ஒன்றைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குஞ்சுகளுக்கு ஈரத்தரை எமனாக வந்தது. பெட்டைகளுக்குக் காற்று கிடைக்கவில்லை. ஊசிக்கு மறுநாள் செத்த கோழியின் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். பருவத்துக்கு ஏற்றபடி தரை, கூரை, காற்று, தண்ணீர் நான்கையும் மாற்றிக்கொடுத்தால், நம் ஊரில் ஏழெட்டு கோழி வளர்ப்பவருக்கு மருந்துச் செலவு மிகக் குறைவு. தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் மட்டும் விதிவிலக்கு.

இப்போது புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. உங்கள் ஒன்பது குஞ்சுகளும் மிக ஆபத்தான வயதில் இருக்கின்றன. அதனால் முதலில் மழையைப் பேசிவிடுவோம்.

குஞ்சுகளைக் கொன்றது எது?

நீங்கள் விவரித்திருப்பது ரத்தக் கழிச்சல். இது காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியால் வருவது. பெரிய கோழிகள் பலவற்றின் குடலில் இது சத்தமில்லாமல் இருக்கும். அவற்றின் எச்சத்தில் வெளியேறும் ஒட்டுண்ணி முட்டைகள் காய்ந்த தரையில் விழுந்தால் பெரும்பாலும் வீணாய்ப்போகும். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரண்டு நாளிலேயே நோய் பரப்பத் தயாராகிவிடும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. மூன்றிலிருந்து எட்டு வாரம் வரையுள்ள குஞ்சு கீழே கிளறித் தின்னும்போது இவற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அதன் குடலில் ஏற்படும் புண்தான் நீங்கள் பார்த்த ரத்தம்.

டெட்ராசைக்ளின் பாக்டீரியாவுக்கான மருந்து. காக்சிடியா பாக்டீரியாவே இல்லை. அதனால்தான் நிற்கவில்லை. இதற்கு ஆம்ப்ரோலியம் போன்ற தனி மருந்துகள் இருக்கின்றன. அவற்றைக் குடிதண்ணீரில் கலந்து சில நாள் கொடுப்போம். முதல் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி மூலையில் நிற்கும்போதே கால்நடை மருத்துவரிடம் போனால் மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம். எட்டும் செத்த பிறகு வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் மருந்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள். கூண்டுத் தரையில் நெல் உமியோ கடலைத் தோலோ மரத்தூளோ மூன்று நான்கு அங்குலம் பரப்பியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி கையில் உருண்டு நின்றால் அந்தத் தரை நோயை வளர்த்துக்கொண்டிருக்கிறது, அதை அன்றே அள்ளி வெளியே போடுங்கள். முதலில் நனைவது எப்போதும் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான். தட்டை இரண்டு செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு ஏற்றிவைத்தாலே பாதிச் சிந்தல் குறையும். தினமும் காலையில் ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள், வாரம் ஒருமுறை கொஞ்சம் நீற்றின சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுங்கள். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் காக்சிடியாவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பயம் காய்ந்த தரையும் வெயிலும்தான். வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் கூண்டைத் திறந்து காயவிடுங்கள். குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு ஒரே தரையில் விடாமல் பிரித்து வைப்பதும் இந்த இரண்டு மாதத்துக்கு அவசியம்.

தார்ப்பாயை எந்தப் பக்கம் கட்டுவது?

மழை என்றதும் எல்லோரும் கூண்டை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். கோழிக்குக் குளிருமே என்ற கவலை. வளர்ந்த கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அது இறகுப் போர்வையோடு பிறந்த ஜீவன். சென்னையின் மார்கழிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூடிய கூண்டுக்குள் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் அதன் மூச்சுக் குழாயைக் கெடுக்கிறது. அப்புறம் சளி, மூக்கொழுகல், முகவீக்கம், தொண்டையில் கறகறப்பு எல்லாம் வரிசையாக வரும். இரவில் குனிந்து உங்கள் முகத்தைக் கோழி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுபோங்கள். கண் எரிந்தால் கோழிக்கு எரிவது எட்டு மணி நேரம்.

நம் மழை பெரும்பாலும் வடக்கும் கிழக்குமாகச் சாரலடிக்கும். அந்த இரண்டு பக்கத்தை மட்டும் மூடுங்கள். தெற்கும் மேற்கும் கம்பி வலையோடு திறந்தே இருக்கட்டும். கூரையை ஒவ்வொரு பக்கமும் இரண்டடி வெளியே நீட்டிவிட்டால் சாரலும் உள்ளே வராது. புயல் எச்சரிக்கை வந்த இரவில் முழுவதும் மூடிக்கொள்ளுங்கள், விடிந்ததும் திறந்துவிடுங்கள். குஞ்சுகளுக்கு மட்டும் கணக்கு வேறு. இறகு முழுதாக முளைக்கும் வரை இரவில் தாயின் இறக்கையோ ஒரு குண்டு பல்போ வேண்டும். பல்பின் கீழே குவியலாக நெருங்கி நின்றால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடிப் படுத்தால் அதிகம்.

உங்கள் தெருவில் வெள்ளம் வருவதால் கூண்டைத் தரையிலிருந்து குறைந்தது மூன்றடி உயரத்தில், இரும்புக் கால் வைத்து ஏற்றிவிடுங்கள். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் பல வீடுகளில் கோழிகள் மூழ்கியதற்குக் காரணம் அவை பூட்டிய கூண்டுக்குள், தரைமட்டத்தில் இருந்ததுதான். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் பஞ்சாரத்தில் போட்டு மாடிப்படிக்கோ மேல்தளத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள். கீரியும் பெருச்சாளியும் அந்த நாள்களில் மேட்டைத் தேடி வரும், வலையின் இடுக்குகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவனத்தை மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். கட்டிதட்டிய கடலைப் புண்ணாக்கு, பச்சைப் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் இவற்றைக் காயவைத்துப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். கூடாது. பூஞ்சை காயும், அது உண்டாக்கிய நஞ்சு காய்வதில்லை. ஈரலைக் கெடுத்துவிடும்.

மார்கழியில் முட்டை நின்றது நோயில்லை. முட்டையிடுவதைப் பகல் வெளிச்சத்தின் நீளம் தீர்மானிக்கிறது. டிசம்பரில் சென்னையில் பகல் 11½ மணி நேரம்கூட இல்லை. கூடவே இறகு உதிர்க்கும் காலமாகவும் அது அமையும். சிறுவிடை ஒன்றும் பண்ணைக் கோழியும் இல்லை, ஒரு சுற்று முட்டையிட்டு அடைக்கு உட்காருவதுதான் அதன் இயல்பு. மருந்தொன்றும் கொடுக்காமல் விடுங்கள்.

ஊசி கோழியைக் கொன்றதா?

உங்கள் மாமியாரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஊசி போட்டதும் கண்ணெதிரே நடந்தது, கோழி செத்ததும் கண்ணெதிரே நடந்தது. ஆனால் வெள்ளைக் கழிச்சல் என்கிற ராணிகேட் நோயின் கிருமி உடம்புக்குள் போன பிறகு அறிகுறி தெரிய இரண்டிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகலாம். ஊசி போட்ட அன்று அந்தக் கோழி ஏற்கெனவே கிருமியைச் சுமந்துகொண்டிருந்திருக்கலாம். அப்படியிருந்தால் ஊசியால் அதைக் காப்பாற்ற முடியாது. இன்னொன்றும் உண்டு. வளர்ந்த கோழிக்கு இறக்கைக்குக் கீழே போடும் ஊசியில் உயிருள்ள கிருமி சற்று வீரியமாகவே இருக்கும். குடற்புழு நிறைந்து மெலிந்த கோழி அதைத் தாங்காமல் போகலாம். அதனால்தான் ஊசிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். முகாமில் இதைப் பொறுமையாகச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஊசியே போடாவிட்டால் என்ன ஆகும்? ராணிகேட் புகுந்த வீட்டில் தடுப்பூசி போடாத கோழிகள் ஒன்றுவிடாமல் போவது சாதாரணம். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்கிக்கொள்வது. வந்த பிறகு மருந்து கிடையாது. வெயில் ஏறும் மாதங்களில்தான் இது அதிகம் ஆடும். அதற்கு முன்னால் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துவதன் காரணமும் அதுதான்.

வெங்காயம், மஞ்சள் கொடுப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். அளவோடு கொடுத்தால் கெடுதல் இல்லை, அம்மைப் பொருக்கில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவதில் எனக்கும் ஆட்சேபமில்லை. ராணிகேட்டை மட்டும் அவை தடுக்காது.

உங்கள் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் போட்டிருக்க வேண்டிய லசோட்டா என்ற ராணிகேட் தடுப்புச் சொட்டு மருந்து தவறிவிட்டது. பரவாயில்லை, ஆரோக்கியமாக இருந்தால் இப்போதே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். எட்டு வாரம் முடிந்த பிறகு இறக்கை ஊசி, அதற்கு முன்னால் போடவே கூடாது. அம்மைத் தடுப்பூசியையும் இடைவெளி விட்டுப் போட்டுவிடுங்கள். மழை ஓய்ந்ததும் கொசு பெருகும், கொசுவோடு கோழி அம்மையும் வரும். ஒரு நடைமுறைச் சிக்கல்: இந்த மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிக்கு உரியது. கரைத்த பிறகு ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பத்து கோழிக்காக ஒரு குப்பியை உடைக்க மருந்தகத்தில் தயங்குவார்கள். தெருவில் கோழி வைத்திருக்கும் நாலைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் வேலை சுலபமாக முடியும்.

மே மாதத்து மத்தியானம்

ஈரக்கோணி நல்ல யோசனைதான், கட்டிய விதத்தில்தான் தவறு. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, மூச்சில் ஈரத்தை வெளியேற்றித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றிலும் காற்று உலர்ந்திருந்தால் அது நடக்கும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். நாலு பக்கமும் நனைந்த கோணியைக் கட்டி, மேலே தகரமும் காய்ந்தால் உள்ளே காற்று அசையாது. வெளியே விடும் மூச்சு எங்கே போகும்? உங்கள் பக்கம் கடற்காற்று வந்து சேரவும் தாமதமாகும், ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் கண்டம்.

கோணியைக் காற்று வரும் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள், எதிர்ப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கட்டும். முடிந்தால் ஒரு சின்ன ஃபேன். தகரத்தின் மேல் தென்னங்கீற்றுப் பரப்புங்கள், அல்லது வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். உங்கள் முருங்கைமரம் இருக்கிறதே, பகலில் கூண்டைத் திறந்து அதன் கீழே விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட மேல். தீவனத்தை விடியற்காலையிலும் சாயங்காலமும் கொடுங்கள். செரிமானமே உடம்பில் சூட்டை உண்டாக்கும், மத்தியானம் வயிறு காலியாக இருப்பது நல்லது. சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் பெட்டை கத்தரி வெயிலில் இரண்டு பங்கு கேட்கும். நிழலில் இரண்டு மூன்று தட்டு வைத்து, மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். வெயிலில் வெந்த தண்ணீரைக் கோழி தொடாது.

இரைத்துத் தள்ளாடும் கோழியைப் பார்த்தால் நிழலுக்குத் தூக்கிவந்து காலையும் கொண்டையையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். ஓஆர்எஸ் கரைசல் சில மணி நேரம் கொடுக்கலாம், அப்புறம் வெறும் தண்ணீர். மிச்சக் கஞ்சியில் உப்புப் போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம், கோழிக்கு, அதுவும் குஞ்சுக்கு, உப்பு எளிதில் நஞ்சாகும்.

கேப்சூல் பற்றி ஒரு வார்த்தை

மெடிக்கலில் மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கோழிக்குக் கலப்பது ஊரெங்கும் நடக்கிறது. அந்த மருந்து முட்டையில் இறங்கும். கடிதத்தில் பேரனுக்குத் தினமும் ஒரு முட்டை என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், சில மருந்துகளை முட்டையிடும் கோழிக்குக் கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்குக் கடைசிக் கைத்துணையாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் அரசு தடை போட்டதும் இந்தப் பயத்தில்தான். குடற்புழு மருந்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை நாள் முட்டை எடுக்கக் கூடாது?

விற்பதா, வைத்துக்கொள்வதா?

கூண்டை மூன்றடி உயர்த்த முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன் அது முடியாது என்றால் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் விற்க வேண்டியதில்லை. நன்றாக அடைகாக்கும் இரண்டு பெட்டைகளை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுங்கள். குஞ்சுகளை மேட்டுப் பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டில் தை வரை விட முடியுமா என்றும் பாருங்கள். அடுத்த முறை தையில் அடைவைத்தால் குஞ்சுகள் மழையையும் பார்க்காது, கத்தரி வெயில் வருவதற்குள் ஓரளவு தேறியும் விடும். ஐப்பசிக்குச் சற்று முன் குஞ்சு பொரிக்க விடுவதுதான் உங்கள் வீட்டின் மிகப் பெரிய ஆபத்து.

சீக்கு வந்த கோழியை மட்டும் விற்காதீர்கள், அறுத்துக் குழம்பும் வைக்காதீர்கள். சேவலும் பெட்டையும் ஒரே நாளில் மளமளவென்று சாய்ந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, பக்கத்தில் காக்கைகளும் செத்துக் கிடந்தாலோ, வெறும் கையால் தொடாமல் அரசு கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். இருக்கிற கோழியையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து மறைத்தால், அதன் விலையைக் கொடுப்பது வீட்டில் இருக்கும் குழந்தைகளாகவும் இருக்கலாம்.

அப்படிக் கொத்தாகச் சாகாமல் ஒரே ஒரு கோழி காரணம் தெரியாமல் செத்தால் குப்பைத் தொட்டியிலோ அடையாற்றிலோ போடாதீர்கள். கையில் கவர் மாட்டிக்கொண்டு, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, ஐஸ் கட்டி வைத்து அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்தால் உள்ளுறுப்புகளைப் பார்த்துச் சொல்வது கடினம். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், ஜிஎஸ்டி சாலையில் பொத்தேரிக்கு அருகே இருக்கும் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே ஆலோசனை கேட்கலாம். பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் என்று நினைத்து ஆட்டோ ஏறிவிடாதீர்கள். வீட்டுக்கே ஆள் வர வேண்டுமென்றால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள். ஒரு கோழியை அறுத்துப் பரிசோதித்துக் காரணம் தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் கோழிகளுக்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் அன்றைக்கே எழுதிக்கொடுத்துவிடுவார்.